காதல் வெறியும் பின்தொடர்தலும்: உளவியல் த்ரில்லர் நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் இப்படி ஒரு நாவல் எழுத உட்காருகிறவருக்கு முதல் சிக்கல் வாசகரின் பழக்கத்தில் இருக்கிறது. ஒருவன் ஒரு பெண்ணின் பின்னால் பஸ் ஸ்டாப் வரை நடக்கிறான். அவள் திரும்பி முறைக்கிறாள். அவன் சிரிக்கிறான். இந்த மூன்று வரியைப் படித்ததும் நம்மில் பலருக்கு மனதில் ஓடுவது ஒரு டூயட். திரையில் பார்த்துப் பார்த்து, விரட்டுவதைக் காதலின் முதல் கட்டமாகவும், முறைப்பதைச் சம்மதத்துக்கு முந்தைய கட்டமாகவும் படிக்கப் பழகிவிட்டோம். பயம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும் என்று நம்பி எழுதினால், நாற்பதாம் பக்கம் வரை வாசகர் காதல் கதையே படித்துக்கொண்டிருப்பார்.

இதைத் தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதியாகவே நான் பார்க்கிறேன். வாசகரை அவருடைய பழக்கத்தின் போக்கிலேயே கொஞ்ச தூரம் கூட்டிப் போங்கள். இவ்வளவு நேரம் எதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தோம் என்று அவரே திடுக்கிடும் ஒரு இடத்தை உண்டாக்குங்கள். அதுதான் நாவலின் மையத் திருப்பம். கடத்தல், கத்தி எல்லாம் அதற்கு அப்புறம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த இடத்தை நோக்கித்தான் போகிறது.

பேச வசதியாக ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம். ஊர் திருச்சி. கயல்விழி, வயது 27, தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட், வீடு ஸ்ரீரங்கத்தில். சரவணன், வயது 31, ஒரு கூரியர் அலுவலகத்தின் கிளையில் வேலை. அவள் ஒருமுறை ஒரு பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு "தேங்க்ஸ் அண்ணா, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். கதைக்கு இவ்வளவு போதும்.

படி 1: அவன் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

"சைக்கோ" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் கதாபாத்திரம் கிடைக்காது, முகமூடிதான் கிடைக்கும். மெல்பர்னில் பணியாற்றிய தடயவியல் மனநல மருத்துவர் பால் முல்லனும் அவருடைய சகாக்களும், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த 145 பேரை ஆராய்ந்து 1999-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் பிரித்துக் காட்டிய ஐந்து வகைகள் ஒரு நாவலாசிரியருக்கு ஐந்து தனித்தனிக் கதைகள்.

உறவு முறிந்த பிறகு விட மறுப்பவன் ஒருவன். சமாதானமும் பழிவாங்கலும் அவனுக்குள் மாறி மாறி வரும். முன்னாள் கணவன், முன்னாள் காதலன் இந்த வகையில் வருவார்கள். உடல்ரீதியான தாக்குதல் வரை போகும் ஆபத்தும் இங்கேதான் அதிகம். இரண்டாமவன் உறவே இல்லாத இடத்தில் உறவைத் தேடுகிறவன். மூன்றாமவனுக்குப் பழகத் தெரியாது, அவளுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தும் முட்டிக்கொண்டே இருப்பான். ஒருத்தியை விட்டதும் இன்னொருத்தியிடம் போவான். நான்காமவன் மனக்குறைக்காரன், பயமுறுத்துவதுதான் அவன் நோக்கம், காதலுக்கு அங்கே இடமில்லை. ஐந்தாமவன் தாக்குவதற்காகத் தகவல் சேகரிக்கிறவன். கடைசி வரை அவளுக்கே தெரியாமல் போகலாம்.

இரண்டாவது வகையின் உச்சம்தான் தன்னை இன்னார் ரகசியமாகக் காதலிக்கிறார் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை. பிரெஞ்சு மனநல மருத்துவர் கிளெரம்போ 1921-ல் இதை விரிவாக எழுதினார். அவர் விவரித்த ஒரு பெண்ணுக்கு வயது 53. இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தன்னைக் காதலிப்பதாக நம்பி, லண்டனுக்குப் போய் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் நிற்பார். ஜன்னல் திரை அசைந்தால் அது தனக்கான சைகை. இந்த ஒரு திரைச்சீலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதாபாத்திரத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்: எது நடந்தாலும் தனக்குச் சாதகமாகப் படிக்க உதவும் ஒரு பொருள் அல்லது பழக்கம். சரவணனுக்கு அது அந்த ஒரு டம்ளர் தண்ணீர்.

இன்னொன்று. இப்படிப் பின்தொடர்கிற எல்லோரும் மனநோயாளிகள் கிடையாது. மனநோயோடு வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்துவதும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு மருத்துவச் சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கிவிடும் நாவல் வாசகரைச் சுலபமாகத் தப்பவிடுகிறது. சிறுவயதில் அப்பா அடித்தார் என்ற ஒரே ஃபிளாஷ்பேக்கும் அதே வேலையைத்தான் செய்யும். சரவணன் தன் வேலையில் கெட்டிக்காரனாக இருக்கட்டும். அம்மாவை ஒவ்வொரு மாதமும் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகட்டும். "அவள் எனக்குக் கடன்பட்டிருக்கிறாள்" என்ற ஒரு எண்ணத்தைத் தவிர அவனிடம் எல்லாமே சாதாரணமாக இருக்கட்டும்.

படி 2: அவளுக்கு ஒரு முழு வாழ்க்கை கொடுங்கள், அவன் வருவதற்கு முன்பே

இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பின்தொடர்கிறவனின் மனசுக்குள் இருபது அத்தியாயம் குடியிருந்துவிட்டு, அவளுக்கு ஒரு அழகான கண்ணும் நல்ல குணமும் கொடுத்தால், அவன் அவளைப் பார்க்கிற அதே மாதிரிதான் ஆசிரியரும் பார்க்கிறார் என்று ஆகிவிடும்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு நோட்டில் கயல்விழியின் ஒரு வாரத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறாள், எந்த பஸ், பக்கவாதம் வந்த எந்த முதியவருக்கு விரல்களை மடக்கப் பழக்குகிறாள், சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு. அவளுக்கு என்ன வேண்டும்? நான் இப்படி வைத்துக்கொள்வேன்: சொந்தமாக ஒரு சின்ன கிளினிக். அதற்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அட்வான்ஸுக்குச் சீட்டு கட்டுகிறாள். இந்த ஆசைதான் பிறகு பறிபோகப் போகிறது. சீட்டுப் பணத்தை எடுத்து வேறு ஊரில் ஹாஸ்டல் கட்டணம் கட்ட வேண்டி வரும்போது வாசகருக்கு வலிக்கும். அந்த வலிக்கான விதையை முதல் முப்பது பக்கத்துக்குள் போட்டாக வேண்டும்.

அவளுக்குக் குறைகளும் இருக்கட்டும். சிடுசிடுப்பவள், தோழியின் கல்யாணத்துக்குப் போகாமல் தட்டிக்கழித்தவள், யாரிடமாவது பொய் சொன்னவள். வாசகர் இரக்கப்பட வேண்டுமென்று அவளைத் தெய்வமாக்கினால், தெய்வமாக இல்லாத பெண்ணுக்கு இதெல்லாம் நடந்தால் பரவாயில்லை என்று நீங்களே சொன்னமாதிரி ஆகும்.

படி 3: கதையை யார் சொல்வது

இதற்கு ஒரே சரியான விடை இல்லை, ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு.

அவனே சொன்னால் வாசகர் அவன் தர்க்கத்துக்குள் சிக்குவார். இதில் இன்றும் பாடமாகப் படிக்கத்தக்கது ஜான் ஃபவுல்ஸ் 1963-ல் எழுதிய ‘தி கலெக்டர்’. பட்டாம்பூச்சி சேகரிக்கும் ஒரு சாதாரண குமாஸ்தா, பந்தயத்தில் பெரும் பணம் கிடைத்ததும், தான் தூரத்திலிருந்து பார்த்துவந்த ஓவிய மாணவியைக் கடத்தி ஒரு பழைய வீட்டின் நிலவறையில் அடைக்கிறான். முதலில் அவன் வாயால் கேட்கிறோம். பணிவான குரல், மரியாதையான ஆள். அப்புறம் அவளுடைய டைரி வருகிறது, அதே நாட்கள் மறுபடியும் நடக்கின்றன, அவன் சொல்லாமல் விட்டதெல்லாம் தெரிகிறது. அந்த இரண்டு குரல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் திகில் இருக்கிறது.

அவள் மட்டும் சொன்னால், யார், எங்கே, எப்போது என்ற நிச்சயமின்மை கிடைக்கும். ஆனால் ஒரே மாதிரியான பயம் முந்நூறு பக்கம் நீண்டால் வாசகர் மரத்துப்போவார். மூன்றாவது வழி, அவளைச் சுற்றி இருப்பவர்கள் நம்ப மறுப்பதை மையமாக்குவது. இயன் மெக்யூவன் 1997-ல் எழுதிய ‘எண்டியூரிங் லவ்’ நாவலில் பின்தொடரப்படுபவர் ஒரு ஆண், பின்தொடர்கிறவனும் ஆண். கூட வாழும் பெண்ணே அவர் மிகைப்படுத்துகிறாரோ என்று சந்தேகிக்கத் தொடங்குகிறாள். அந்தத் தனிமை எந்தக் கத்தியைவிடவும் கூர்மையானது.

கயல்விழி கதைக்கு நான் இரண்டு குரல்களை எடுத்துக்கொள்வேன். சரவணன் பேசும் அத்தியாயங்கள் அவளை முன்னிலையில் வைத்து, மனசுக்குள் எழுதும் கடிதம் மாதிரி. கயல்விழி அத்தியாயங்கள் படர்க்கையில். தமிழ் நமக்கு ஒரு நல்ல கருவியைத் தந்திருக்கிறது: அவன் முதலில் அவளை ‘நீங்கள்’ என்றுதான் சொல்வான். ஏழாம் அத்தியாயத்தில் எந்த அறிவிப்பும் இல்லாமல் ‘நீ’ வந்துவிடட்டும். பதினைந்தில் "நம்ம வீடு" வந்துவிடட்டும். நிஜத்தில் அந்தத் தண்ணீர் டம்ளருக்குப் பிறகு இருவரும் ஐந்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்கள். விளக்கவே வேண்டாம், வாசகர் பிடித்துக்கொள்வார்.

படி 4: ஒரே காட்சியை இரண்டு முறை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். வாசகர் திடுக்கிட வேண்டிய அந்த இடம் இங்கேதான் உருவாகிறது. முதலில் சரவணன்:

"இன்று பச்சைச் சுடிதார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு நொடி நின்றீர்கள். நான் வந்துவிட்டேனா என்று தேடினீர்கள். கண் என் மேல் பட்டதும் துப்பட்டாவைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டீர்கள். அவ்வளவு கூட்டத்தில் வேறு என்ன செய்ய முடியும் உங்களால். எனக்குப் புரியும். நாளையிலிருந்து அந்தப் பூக்கடை பக்கத்திலேயே நிற்கிறேன். நீங்கள் தேட வேண்டாம்."

இரண்டு அத்தியாயம் தள்ளி, கயல்விழி:

"சத்திரத்தில் இறங்கியதும் ஒரு நொடி நின்றாள். நீல ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. குனிந்து துப்பட்டாவைச் சரிசெய்தபடியே யோசித்தாள். ஷேர் ஆட்டோ பக்கம் போனால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். மருந்துக்கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்ததும் ஏதாவது கேட்க வேண்டியிருந்தது. தலைவலி மாத்திரை ஒரு அட்டை என்றாள். பையில் ஏற்கெனவே இரண்டு அட்டை இருந்தன."

முதல் காட்சியில் வாசகர் லேசாகப் புன்னகைத்திருப்பார். சிலர் அவள் கூச்சப்படுவதாகவே நினைத்திருப்பார்கள். இரண்டாவதில் அந்த மாத்திரை அட்டைகள் போதும். "அவள் பயந்தாள்" என்று ஒரு இடத்தில்கூட எழுதவில்லை, கவனியுங்கள். பயத்தைப் பெயர் சொல்லாமல், பயத்தால் அவள் செய்கிற சின்னச் சின்ன வேலைகளை எழுதுங்கள். பஸ் மாற்றுவது, கம்மலைக் கழற்றுவது, புரொஃபைல் படத்தை எடுத்துவிட்டுப் பூப் படம் வைப்பது, வீட்டு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் டிவி ஒலியைக் குறைப்பது, தெரியாத நம்பரை எடுத்துக் காதில் வைத்து முதலில் எதுவும் பேசாமல் இருப்பது.

இரண்டு காட்சிகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதும் முக்கியம். அடுத்த பக்கத்திலேயே வைத்தால் பாடம் நடத்துவதுபோல் இருக்கும். நூறு பக்கம் தள்ளி வைத்தால் முதல் காட்சி மறந்துபோயிருக்கும். இருபது முதல் முப்பது பக்கம் சரியான தூரம் என்பது என் கணிப்பு.

படி 5: தகவல் அவனுக்கு எங்கிருந்து வருகிறது

எல்லாம் தெரிந்த மந்திரவாதியாக அவனை ஆக்காதீர்கள். ஒவ்வொரு தகவலுக்கும் சாதாரணமான ஒரு வாசல் இருக்க வேண்டும். சரவணனைக் கூரியர் அலுவலகத்தில் வைத்தது இதற்காகத்தான். முகவரி, போன் நம்பர், வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்பதெல்லாம் அவன் வேலையின் பகுதியாகவே கைக்கு வருகின்றன. அவன் எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை, அதனால் குற்றவுணர்ச்சியும் இல்லை.

1989-ல் கலிஃபோர்னியாவில் ஒரு இளம் நடிகை தன் வீட்டு வாசலிலேயே ரசிகன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய முகவரியை அவன் ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம், அரசு மோட்டார் வாகனத் துறைப் பதிவிலிருந்துதான் பெற்றான். அமெரிக்காவில் பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக்கிய முதல் சட்டம் அடுத்த ஆண்டு அதே மாநிலத்தில் வந்தது. வாகனப் பதிவுத் தகவல்களைப் பாதுகாக்க 1994-ல் ஒரு மத்தியச் சட்டமும் வந்தது. ஒரு கவுண்டரில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் தன் அன்றாட வேலையைச் செய்ததில் இருந்துதான் எல்லாம் நடந்தது. இந்த அன்றாடத் தன்மையை உங்கள் நாவலில் கொண்டுவாருங்கள்.

இன்றைய கதை என்றால் போனைத் தவிர்க்க முடியாது. எல்லா இடத்திலும் பிளாக் செய்தாகிவிட்டது. ஒருநாள் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் வந்து விழுகிறது, கூடவே இருக்கும் குறிப்பில் "சாப்டியா?" என்று இருக்கிறது. மறுநாள் இன்னொரு ரூபாய். பணப் பரிமாற்றச் செயலிகளை இப்படிப் பயன்படுத்துகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஒரு ரூபாய் அனுப்பியதைப் பற்றிப் போலீஸில் போய் எப்படிச் சொல்வாள்? சொன்னால் யார் சிரிக்காமல் கேட்பார்கள்? இந்த இரண்டு கேள்விகளும் ஒரு முழு அத்தியாயத்தைத் தாங்கும்.

ஆனால் ஒருவரை எப்படிக் கண்காணிப்பது என்ற செயல்முறையைப் படிப்படியாக எழுதாதீர்கள். எந்தச் செயலி, எந்த அமைப்பு என்றெல்லாம் வேண்டாம். விளைவை எழுதினால் போதும்: அவளுடைய திட்டம் அவளுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி என்பதில் வாசகர் தவிக்கட்டும்.

படி 6: ‘வேண்டாம்’ சொல்லும் காட்சி

நாவலின் முதுகெலும்பு இது. நம் கதைகளில் இந்தக் காட்சி பல நேரம் இல்லவே இல்லை, அல்லது கன்னத்தில் விழும் ஒரு அறையோடு முடிந்துவிடுகிறது. கயல்விழி ஒருநாள் நின்று, நேராகப் பார்த்து, "எனக்கு உங்க மேல எந்த விருப்பமும் இல்ல. இனிமே என் பின்னாடி வராதீங்க" என்று சொல்லியாக வேண்டும். தெளிவாக, மரியாதையாக. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். முந்தைய இரவு அந்த வாக்கியத்தைப் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

அதன் பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கதை. கோபப்பட்டால் சாதாரண வில்லன். சரவணன் தலையை ஆட்டுகிறான், "சரிங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்கிறான், போய்விடுகிறான். மூன்று வாரம் காணோம். அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள், வாசகரும் மூச்சு விடுகிறார். அவன் அத்தியாயம் வரும்போதுதான் தெரிகிறது: "நீ என்னிடம் முதன்முதலாக நின்று பேசினாய். கண்ணைப் பார்த்துப் பேசினாய். யாரோ உன்னை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்கிறேன்."

ஏழாம் அத்தியாயத்தில் வந்த ‘நீ’ இங்கே எப்படிக் கனக்கிறது பாருங்கள். இந்த இடத்திலிருந்து கதை ஏறு முகம்தான்.

படி 7: அவனுக்கு உதவி செய்கிற நல்லவர்கள்

நம் ஊரில் ஒருவன் தனியாகப் பின்தொடர்வதில்லை. ஊரே கூட நடக்கிறது. "பாவம்க்கா, நல்ல பையன், உங்க மேல உசிரையே வச்சிருக்கான்" என்று அவள் நம்பரைக் கொடுக்கும் கிளினிக் ரிசப்ஷனிஸ்ட். "மச்சான், பொண்ணுங்க முதல்ல அப்படித்தான்டா சொல்லும்" என்று டீக்கடையில் தைரியம் கொடுக்கும் நண்பன். "மாப்பிள்ளை தேடிட்டுத்தானே இருக்கீங்க" என்று அம்மாவிடம் பேச்செடுக்கும் எதிர்வீட்டு அத்தை. இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் கிடையாது. ஆளுக்கு ஒரு சின்ன உதவி செய்கிறார்கள், அவளுக்கு ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே போகிறது.

அடுத்து வீடு. இந்த நாவலைத் தமிழில் எழுதுவதற்கான மிக வலுவான காரணம் எனக்கு இதுதான். கயல்விழி ஏன் வீட்டில் சொல்லவில்லை? சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா முதலில் கேட்கும் கேள்வி, "நீ எதாவது சிரிச்சுப் பேசினியாடி?" அவளுக்கு அந்தத் தண்ணீர் டம்ளர் ஞாபகம் வரும், ஒரு நொடி தாமதிப்பாள், அந்த ஒரு நொடியை அம்மா பார்த்துவிடுவாள். அப்பா, "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீட்ல இரு" என்பார். அண்ணன் ஆள் கூட்டிக்கொண்டு அடிக்கப் போவான், விஷயம் தெருவுக்கே தெரியும். ஒரு மாதத்துக்குள் ஜாதகம் வெளியே போகும். அதாவது அவனிடமிருந்து தப்பிக்க அவள் கொடுக்க வேண்டிய விலை, அவன் பறிக்க நினைத்த அதே சுதந்திரம். வெளியே அவன், உள்ளே அன்பான குடும்பம். இரண்டுக்கும் நடுவே அவளுக்கு மிச்சமிருப்பது ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரத்துக்கும் இடையே காவிரிப் பாலத்தைக் கடக்கிற அந்தப் பஸ் பயணம் மட்டும்தான் என்று காட்டுங்கள். அப்புறம் அந்தப் பஸ்ஸிலும் அவனை ஏற்றுங்கள்.

அந்த வீட்டுக் காட்சிகளில் யாரையும் அரக்கராக்க வேண்டாம். அப்பா அன்று இரவு தூங்கமாட்டார். அம்மா மறுநாள் காலை எதுவும் பேசாமல் அவளுக்குப் பிடித்த வெண்டைக்காய்ப் பொரியல் செய்து டப்பாவில் வைப்பாள். அவர்கள் பயமும் உண்மைதான். அது தவறான ஆளின் மேல் போய் விழுகிறது.

படி 8: சட்டமும் காவல் நிலையமும்

இங்கே தப்பு விட்டால் விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். இந்தியாவில் பின்தொடர்தல் தனிக் குற்றமானது 2013-ல், 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு வந்த சட்டத் திருத்தத்தில். இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கதை என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. கதை 2010-ல் நடந்தால் இந்தப் பிரிவே கிடையாது, இன்ஸ்பெக்டர் வேறு பிரிவுகளைத்தான் போட முடியும். தமிழ்நாட்டில் 1998-லேயே பெண்களைக் கேலி செய்து துன்புறுத்துவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்திருந்தது. சென்னையில் அப்படியொரு துன்புறுத்தலில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததுதான் அதற்குக் காரணம்.

78-வது பிரிவு சொல்வதன் சாரம்: ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும், ஒரு ஆண் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது குற்றம். இணையத்திலும் மின்னஞ்சலிலும் அவள் செய்வதைக் கண்காணிப்பதும் குற்றம். மத்தியச் சட்டத்தில் உள்ளபடி முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடக்கூடியது. மறுபடியும் தண்டனை பெற்றால் ஐந்து ஆண்டு வரை, ஜாமீனில் விட முடியாதது. மாநிலத் திருத்தங்களை உங்கள் கதையின் ஆண்டுக்கு ஏற்ப ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவு ஆண் பெண்ணைப் பின்தொடர்வதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உங்கள் நாவலில் பின்தொடர்வது பெண் என்றால், அல்லது பாதிக்கப்படுபவர் ஆண் என்றால், இது பொருந்தாது. அந்தச் சட்ட இடைவெளியே ஒரு நல்ல கதைத் திருப்பம்.

"தெளிவாகக் காட்டிய பிறகும்" என்ற சொற்களைப் பாருங்கள். ஆறாம் படியின் காட்சிதான் இங்கே சாட்சியமாகிறது. அவள் சொன்னதை யார் கேட்டார்கள்? பூக்கடைக்காரம்மா கேட்டிருக்கலாம். அவர் சாட்சி சொல்ல வருவாரா? உளவியலும் சட்டமும் ஒரே முடிச்சில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

நடைமுறையில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்ததும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள், இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், எஃப்ஐஆர் அதற்குப் பிறகு. விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டு அவன் வெளியே போவதோடு கதை முடிந்துவிடாது. அன்று மாலை அவனும் அவளும் ஒரே வாசல் வழியாக வெளியே வருகிறார்கள், ஒரே பஸ் ஸ்டாப். போலீஸைக் கோமாளியாகவும் காட்ட வேண்டாம், கடவுளாகவும் காட்ட வேண்டாம். "பையனுக்கும் ஒரு ஃபியூச்சர் இருக்குல்லம்மா" என்று சொல்லும் ஏட்டம்மாவும், தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுக்கும் எஸ்ஐயும் ஒரே நிலையத்தில் இருக்கலாம். 181 மகளிர் உதவி எண்ணையும் அவள் ஏதாவது ஒரு கட்டத்தில் அழைக்கட்டும். படிக்கிற யாரோ ஒருவருக்குப் பயன்படும்.

கதையில் மனநல மருத்துவர் வந்தால், ரகசியக் காப்பு பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1969-ல் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவியைக் கொன்றவன், கொல்லப்போவதை முன்கூட்டியே தன் உளவியலாளரிடம் சொல்லியிருந்தான். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1976-ல் தீர்ப்பளித்தது. நம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும், இன்னொருவரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவைப்பட்டால் தகவலை வெளியிட அனுமதிக்கிறது. "நான் சொல்லக் கூடாது" என்று மருத்துவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பழைய காட்சியை அப்படியே எழுத முடியாது.

படி 9: முடிவு

அவன் திருந்தி அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிற முடிவை நான் ஏற்கமாட்டேன். அந்த அழுகையும் அவளுடைய கவனத்தைக் கேட்டு வாங்குவதுதான். ரத்தத்தை வர்ணிக்கும் முடிவும் வேண்டாம். நம் ரயில் நிலையங்களிலும் கல்லூரி வாசல்களிலும் நிஜமாகவே நடந்தவை இருக்கின்றன, அந்தக் குடும்பங்களும் படிக்கின்றன. நிஜச் சம்பவத்தின் அடையாளங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வலுவான முடிவுகளில் ஒன்று, அவனுக்குக் கடைசி வரை எதுவும் புரியாமல் போவது. ‘தி கலெக்டர்’ முடியும்போது அவன் அடுத்த பெண்ணைப் பார்த்துவைத்திருக்கிறான். அந்த அமைதியான திட்டமிடல் எந்த அலறலையும்விட மோசமானது. கயல்விழி கதையில் நான் இரண்டையும் பிரிப்பேன். சரவணனின் கடைசி அத்தியாயம் வேறு ஒரு பார்சலின் கையெழுத்தில் முடியும். கயல்விழியின் கடைசி அத்தியாயத்தில் அவன் பெயரே வராது. அவள் தஞ்சாவூரில் ஒரு வாடகை அறையில் முதல் நோயாளிக்குத் தோள்பட்டைப் பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள், வாசலில் பெல் அடித்ததும் போய்க் கதவைத் திறப்பாள். திறக்கும் முன் என்ன செய்தாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். முழுக்கக் குணமானவளாகக் காட்டினால் பொய். முழுக்க உடைந்தவளாகக் காட்டினால் அதுவும் பொய்.

படி 10: முதல் வாசகர்கள்

முதல் வரைவை முடித்ததும் ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு அவன் அத்தியாயங்களை மட்டும் தனியாக எடுத்து ஒரே மூச்சில் படியுங்கள். எங்காவது அவன் கவித்துவம் உங்களையே மயக்கியிருந்தால், அந்த வரிகளை வெட்டுங்கள். அப்புறம் அவள் அத்தியாயங்களை மட்டும். அவை தனியாக நின்று ஒரு கதையாக வருகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அதன் பிறகு பிரதியைச் சில ஆண்களுக்கும் சில பெண்களுக்கும் கொடுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்க வேண்டாம். பென்சிலைக் கையில் கொடுத்து, இவன் ஆபத்தானவன் என்று எந்தப் பக்கத்தில் முதலில் தோன்றியதோ அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பெண்கள் போடும் கோடு முன்னாலும் ஆண்கள் போடும் கோடு பின்னாலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள பக்கங்களை ஒன்றாகத் தைத்து மேசையில் வையுங்கள். இரண்டாம் வரைவில் உங்கள் நேரத்தில் பாதியை அந்தப் பக்கங்களுக்கே கொடுங்கள். அங்கே அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள், அதை எந்த வாசகர் பார்க்கத் தவறினார், எந்த வாக்கியம் அவரைத் தவறவிட்டது என்று வரி வரியாகப் பாருங்கள். பென்சில் கோடே போடாமல் பிரதியைத் திருப்பித் தருகிறவரிடம் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.